ஒரு மடக்குக்கு ஒரு கிளை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு பெரிய மருத மரம் நின்றது. மரத்தின் மேலே கருமுகக் குரங்குகள் குடியிருந்தன. கீழே புல்வெளியில் புள்ளிமான்கள் மேய்ந்தன.

இரண்டு கூட்டத்துக்கும் நல்ல ஒட்டு உறவு. உச்சிக் கிளையில் எப்போதும் ஓர் இளவட்டக் குரங்கு காவல் இருக்கும். தூரத்தில் சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், "கக்கர்! கக்கர்!" என்று கத்தும். மான்கள் எடுக்கும் ஓட்டத்தில் புல்வெளியே காலியாகிவிடும்.

குரங்குகள் தாங்கள் தின்றதுபோக மீதித் தளிர்களை மான்களுக்குப் போடும். ஆனால் எந்த இலையையும் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் போடும். "நான் தின்று பார்த்துவிட்டேன், நீயும் பயமில்லாமல் தின்னு" என்று அதற்கு அர்த்தம். கடி படாத இலையை எந்த மானும் தொடாது. அந்த மரத்து வழக்கம் அப்படி.

அங்கே துருவி என்று ஒரு குட்டிக் குரங்கு இருந்தாள். கேள்வி கேட்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

"அம்மா, ஆமை குளிக்கும்போது ஓட்டைக் கழற்றி வைக்குமா?"

"வாயை மூடடி. காதுக்குப் பின்னால் பேன் பார்க்க வேண்டும்."

"வாய்க்கும் காதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அம்மா பெருமூச்சு விடுவாள். அப்படியே ஒரு பேனையும் கண்டுபிடித்துவிடுவாள்.

துருவியின் அண்ணன் தாவன். கூட்டத்திலேயே நன்றாகத் தாவுகிறவன் அவன்தான். உச்சிக் கிளைக் காவலும் அவனுடையதே. "என் அண்ணன் தாவினால் காற்றுகூடக் கொஞ்சம் தள்ளி நிற்கும்" என்று துருவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

ஒரு நாள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாவன் தாவினான். கிளை வழுக்கியது. தொப்பென்று ஆற்றில் விழுந்தான். குரங்குகள் சிரித்தன. மான்கள் சிரிக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தன. ஒரு தவளைகூடச் சிரித்தது. அதைத்தான் அவனால் தாங்கவே முடியவில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட அவன் கரையேறியபோது, அங்கே ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அது மட்டும் சிரிக்கவில்லை.

"மருமகனே, நீ ஏன் விழுந்தாய் தெரியுமா? மனதில் ஒரு சின்னப் பயம். அவ்வளவுதான். அதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது."

நரியின் பக்கத்தில் ஒரு பாறைக் குழி இருந்தது. அதில் உதிர்ந்த இலுப்பைப் பூவெல்லாம் மழைத்தண்ணீரில் ஊறி நுரைத்துக் கிடந்தது. மறந்துபோய் மூடிவைத்த மாவைத் திறந்ததுபோல ஒரு வாடை. நரி அதை ஒரு விளாம்பழ ஓட்டில் மொண்டு நீட்டியது.

"இதன் பெயர் வீரத் தண்ணீர். முதல் மடக்கு இலவசம்."

"இது வேண்டாம் மாமா. நாறுகிறது."

"அட, பயமா? எனக்கென்ன போச்சு! குடிக்காதவன் கோழை என்று நானா சொல்கிறேன்? காடே சொல்கிறது."

கோழை என்ற சொல் தாவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தான். தொண்டை எரிந்தது. பிறகு காது சூடானது. பிறகு தவளை சிரித்தது மறந்துபோனது.

மறுநாளிலிருந்து நரி மரத்தடிக்கே வந்துவிட்டது. விளா ஓட்டை ஒரு நீளக் கொடியின் ஒரு நுனியில் கட்டி, மறு நுனியை மேலே வீசி, "இழுத்துக்கொள் மருமகனே" என்றது. உச்சிக் கிளையிலிருந்த தாவன் கொடியை எட்டிப் பிடித்து ஓட்டை மேலே இழுத்தான். குடித்தான். ஓட்டைக் கீழே இறக்கினான்.

அடுத்த நாள் கொடி எட்டவில்லை.

"வெயிலில் கொடி சுருங்கிவிட்டது போலிருக்கிறது. ஒரே ஒரு கிளை இறங்கி உட்காரேன். அங்கிருந்தும் காடு தெரியத்தானே செய்கிறது?" என்றது நரி.

தாவன் ஒரு கிளை இறங்கினான்.

அதற்கடுத்த நாளும் கொடி சுருங்கியது. தாவன் இன்னொரு கிளை இறங்கினான். அவனோடு அவன் கூட்டாளி ஆமாஞ்சாமியும் இறங்கினான். அவனுடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. யார் எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்பான். நரி "இது மருந்து" என்றது. "ஆமாம்" என்று அவனும் ஒரு மடக்கு குடித்தான்.

துருவிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"அண்ணா, கொடி ஏன் தினமும் குட்டையாகிறது?"

"வெயில்."

"வெயிலில் உன் வால் மட்டும் ஏன் குட்டையாகவில்லை?"

"போடி அந்தப் பக்கம்!"

"அண்ணா, உன் வாய் ஏன் நாறுகிறது?"

தாவன் ஒரு பிடி வேப்பிலையை வாயில் திணித்து மென்றான். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"பார்த்தாயா உன் அண்ணனை! யாரும் சொல்லாமலே வேப்பிலை தின்கிறான். வயிற்றுக்கு எவ்வளவு நல்லது! நீயும் இருக்கிறாயே" என்று துருவியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

குட்டு வலித்தது. அதைவிட, அண்ணனின் கை நடுங்குவதைப் பார்த்ததுதான் துருவிக்கு அதிகமாக வலித்தது. நரி வருவதற்குச் சற்றுத் தாமதமானாலும் அவன் விரல்கள் காற்றில் ஆடும் இலைபோல உதறின. ஓட்டை வாயில் கவிழ்த்த பிறகுதான் அடங்கின.

ஒரு மாலை, துருவி நாவல் பழம் தின்றுகொண்டிருந்தாள். கீழே தாவன் யாரையோ உபசரிக்கும் குரல் கேட்டது.

"வாங்க அக்கா, வாங்க! ஏன் இப்படி இளைத்துப்போய்விட்டீர்கள்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க!"

துருவி எட்டிப் பார்த்தாள். பழம் அவள் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

மரத்தடியில் நின்றது மான் இல்லை. சிறுத்தை! குடித்த கண்ணுக்குப் புள்ளி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. தாவன் ஒவ்வொரு தளிரையும் மரியாதையாக ஒரு கடி கடித்து, சிறுத்தையின் தலையில் போட்டுக்கொண்டிருந்தான்.

சிறுத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் வம்சத்திலேயே யாருக்கும் யாரும் கீரை பரிமாறியதில்லை. ஒரு தளிர் அதன் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. "ஹச்!" என்று ஒரு தும்மல் தும்மியது. தும்மல் சத்தம் கேட்டதும் மான்கள் தலைதெறிக்க ஓடின. "கக்கர்!" என்று துருவி கத்தினாள். வேட்டை கெட்டுப்போன சிறுத்தை உறுமிக்கொண்டே புதருக்குள் போனது.

கூட்டம் முழுவதும் தாவனைச் சூழ்ந்துகொண்டது.

"ஏனடா குரல் கொடுக்கவில்லை?"

தாவன் தடுமாறினான். பிறகு நெஞ்சை நிமிர்த்தினான். "நான் வேண்டுமென்றேதான் இலை போட்டேன். மூக்கில் இலை விழுந்தால் சிறுத்தை தும்மும். தும்மினால் மான்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தொண்டை மிச்சம்!"

"ஆமாம்!" என்றான் ஆமாஞ்சாமி.

"அடடா, என்ன மூளை!" என்றன குரங்குகள். சில குரங்குகள் இலை போட்டுத் தும்மல் வரவழைக்கப் பழகவே தொடங்கிவிட்டன.

"பொய்! சிறுத்தையை அக்கா என்று கூப்பிட்டான்! அவன் குடித்திருக்கிறான்!" என்று துருவி கத்தினாள்.

"அண்ணனுக்குப் பெயர் வந்தால் தங்கைக்குப் பொறுக்கவில்லை பார்" என்றாள் அம்மா. இரண்டாவது குட்டும் விழுந்தது.

அப்போது புள்ளி அக்கா என்ற தாய் மான் திரும்பி வந்தாள். சில நாள் முன்புதான் குட்டி போட்டிருந்தாள். குட்டியைப் புதரில் மறைத்து வைத்திருந்தாள். "தாவன் தம்பி, நாளை சாயங்காலம் என் குட்டியை முதல்முதலாகப் புல்வெளிக்குக் கூட்டி வருகிறேன். நீ காவல் இருந்தால்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

தாவன் தலையாட்டினான். கொஞ்சம் தள்ளி நின்ற நரியும் தலையாட்டியது. நீ எதற்குத் தலையை ஆட்டினாய் என்று நரியைக் கேட்கத் துருவியைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவளுக்கோ அன்றைக்குக் குட்டு போதும் போதும் என்று ஆகியிருந்தது.

மறுநாள் மாலை வந்தது. கொடி இன்னும் குட்டையாகியிருந்தது. தாவனும் ஆமாஞ்சாமியும் மரத்தின் கடைசிக் கிளையில், கீழே நிற்பவர் ஒரு தாவலில் எட்டிவிடும் உயரத்தில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் புள்ளி அக்கா குட்டியை முன்னால் விட்டு மெல்ல வந்துகொண்டிருந்தாள். குட்டிக்குப் புல் புதிது. ஒவ்வொரு புல்லையும் முகர்ந்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது.

"இன்றைக்கு நிறைய ஊற்றியிருக்கிறேன் மருமகன்களே. சீக்கிரம் குடியுங்கள், சீக்கிரம்" என்றது நரி. அதன் கண் பக்கத்துப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

உதறும் கையோடு தாவன் ஓட்டைப் பிடிக்கக் குனிந்தான். அதற்குள் துருவி குறுக்கே வந்து குதித்தாள்.

"எனக்கும் ஒரு மடக்கு."

தாவன் பதறினான். "உனக்கு வேண்டாம்! நீ இதைத் தொடக்கூடாது!"

"ஏன் அண்ணா? உனக்கு நல்லது என்றால் எனக்கும் நல்லதுதானே?"

தாவன் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"அட, குழந்தை ஆசையாகக் கேட்கிறது, விடு" என்று நரி அவசரப்பட்டது. "வாம்மா மருமகளே. முதல் மடக்கு இலவசம்."

"சரி மாமா. ஒரு கடி கடித்துக் கொடுங்கள்."

"தண்ணீரை எப்படியம்மா கடிப்பது?"

"அப்படியென்றால் ஒரு மடக்கு குடித்துக் கொடுங்கள். கொடுக்கிறவர் முதலில் தின்று காட்டுவதுதான் எங்கள் மரத்து வழக்கம். நீங்கள் ஒரு நாளும் குடித்து நான் பார்த்ததில்லையே?"

"இன்று எனக்கு விரதம்."

"நேற்றும் விரதம் என்றீர்கள்."

"ஆமாம்" என்றான் ஆமாஞ்சாமி, பழக்க தோஷத்தில்.

"நேற்று பல்வலி" என்றது நரி.

"பல்வலியோடு எப்படி இந்தக் கொடியைக் கடித்தீர்கள்?" துருவி கொடியின் நுனியைத் தூக்கிக் காட்டினாள். வெயிலில் சுருங்கிய கொடி வதங்கியிருக்கும். இதன் நுனியிலோ பால் வடிந்துகொண்டிருந்தது. வரிசையாகப் பல் தடம். "கொடுக்கிறதைக் கடிக்கவில்லை. கொடியை மட்டும் தினமும் கடித்திருக்கிறீர்களே, ஏன் மாமா?"

தாவன் கொடியைப் பார்த்தான். அண்ணாந்து உச்சிக் கிளையைப் பார்த்தான். அது வெகு தூரத்தில் இருந்தது.

"மாமா, நீங்களே குடியுங்கள்" என்றான் மெதுவாக.

நரி புதரைப் பார்த்தது. மான் குட்டியைப் பார்த்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"குடிக்காதவன் கோழை என்று சொன்னது நீங்கள்தானே?" என்றாள் துருவி.

"ஆமாம்! ஆமாம்!" என்று ஆமாஞ்சாமி கை தட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் தெரிந்தே சொன்ன ஆமாம் அது.

வேறு வழியில்லை. நரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கியது. பழக்கமில்லாத வயிறு. அதிலும் இருவருக்காக ஊற்றிய சரக்கு. நரியின் காது ஒன்று மேலே போனது, ஒன்று கீழே வந்தது.

"பரவாயில்லையே" என்றது. இன்னொரு மடக்கு குடித்தது. பிறகு ஓட்டையே கவிழ்த்து நக்கியது.

"மருமகளே! நீ கெட்டிக்காரி. உன்னிடம் சொன்னால் என்ன? ஹிக்! அந்தப் புதரில் படுத்திருக்கிறாரே ஒருவர்... சத்தம் போடாதே, அவர் ஒளிந்திருக்கிறார்... அவர்தான் என் முதலாளி. உச்சியில் உட்கார்ந்திருந்த பயலை இவ்வளவு கீழே இறக்கினேனே, அது சும்மாவா? ஒரு மடக்குக்கு ஒரு கிளை! குரங்கும் மான் குட்டியும் அவருக்கு. எலும்பு எனக்கு!"

புதர் அசைந்தது.

தாவன் துள்ளி எழுந்து மேல் கிளையைப் பிடித்தான். விரல் நிற்கவில்லை. மறுபடியும் பிடித்தான். மறுபடியும் வழுக்கியது. காற்றே தள்ளி நிற்கும் என்று பெயர் வாங்கியவனுக்குக் கைக்கெட்டிய கிளையில் ஏற முடியவில்லை.

"துருவி, நீ போ! உச்சிக்குப் போ!" என்றான்.

துருவி ஏறினாள். அவள் இதுவரை ஏறாத கிளைகள் எல்லாம் காலுக்கடியில் போயின. உச்சியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"கக்கர்! கக்கர்! கக்கர்!"

புள்ளி அக்கா திரும்பினாள். குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். புல்வெளி காலியானது.

மான் போனதும் சிறுத்தை மரத்தை நோக்கிப் பாய்ந்தது. ஆமாஞ்சாமி தாவனின் வாலைப் பிடித்து ஒரே இழு இழுத்தான். தாவன் தலைகீழாக மேல் கிளைக்குப் போய்ச் சேர்ந்தான். சிறுத்தையின் நகத்தில் சிக்கியது அவன் வால் முடியில் ஒரு பிடிதான்.

மானும் போய், குரங்கும் போய், கையில் ஒரு பிடி மயிரோடு சிறுத்தை கீழே நின்றது. அதன் எதிரே நரி தள்ளாடித் தள்ளாடி வந்தது. விளா ஓட்டை நீட்டியது.

"வா தம்பி, வா! புது ஆளா? முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது? இதைக் குடி. முதல் மடக்கு இலவசம்."

சிறுத்தை பல்லைக் கடித்தது.

"என்ன, பயமா?" என்றது நரி. "குடிக்காதவன் கோழை!"

அதற்குப் பிறகு அங்கே விழுந்த அறையின் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டதாம். நரி மூன்று கரணம் அடித்துத் தன்னுடைய பாறைக் குழியிலேயே தலைகுப்புற விழுந்தது. உடம்பெல்லாம் இலுப்பைப் பூ ஒட்டியபடி எழுந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் ஓடியது. அதைப் பார்த்து அந்தத் தவளை சிரித்த சிரிப்பில் பாசியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது.

மறுநாள் குரங்குகள் எல்லாம் சேர்ந்து மண்ணை வாரிப் போட்டுக் குழியைத் தூர்த்தன. அம்மா துருவியின் தலையில் குட்டு வைத்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். அப்படியே ஒரு பேனையும் எடுத்தாள்.

தாவனின் கை நடுக்கம் உடனே போய்விடவில்லை. சில நாள் வேர்த்தது. சில நாள் காரணமே இல்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தான். ஆமாஞ்சாமியும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கடைசிக் கிளையிலிருந்து ஒவ்வொரு கிளையாகத் திரும்ப ஏறிப் பழகினார்கள். இறங்கும்போது நொடியில் இறங்கிய கிளைகள், ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு மலையாக இருந்தன. உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது.

அதுவரை உச்சிக் கிளைக் காவல் துருவியுடையது.

"அண்ணா, இன்னும் கை நடுங்குகிறதா?" என்று மேலிருந்து கேட்டாள்.

தாவன் வேப்பிலையைத் தேடவில்லை. "நடுங்குகிறதுதான். ஆனால் நேற்றைவிடக் குறைவு" என்றான். பிறகு ஒரு தளிரைப் பறித்து, நன்றாக ஒரு கடி கடித்து, கீழே நின்ற மான் குட்டிக்குப் போட்டான். இந்த முறை மான்தானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

நீதி: "ஒரு மடக்குதான்" என்று ஊற்றிக் கொடுப்பவரிடம் "நீங்கள் ஏன் குடிப்பதில்லை?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், குடித்த பிறகு கேட்க நாக்கு எழாது.